லூப்பும் ஒரு மிலிட்டரிக் கணவரும்

சிதம்பரம் மேலவீதியில், தேர்த் திருவிழா அன்று, பட்டப்பகலில், பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடி நின்று என் கணவருக்காக ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

மார்கழி மாதம். தேர் கீழவீதியிலிருந்து கிளம்பி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. எங்கள் துறை மேலவீதியில் ஒரு கீற்றுப் பந்தல் போட்டு, குடும்பக் கட்டுப்பாட்டுக் கண்காட்சி வைத்திருந்தது. மூன்று மேசைகள், தட்டியில் மாட்டிய படங்கள். ஒரு மேசைமேல் கண்ணாடிப் பெட்டி. அதற்குள், கர்ப்பம் தரிக்காமலிருக்கக் கருப்பைக்குள் வைக்கும் லூப், வெள்ளைப் புழு போல வளைந்து கிடந்தது. அந்த மேசைக்குப் பின்னால், வேலைக்கு உரிய வெள்ளைப் புடவையில், இருபத்துமூன்று வயது நான்.

காலையிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் அதை நீர்மோர்ப் பந்தல் என்று நினைத்து நுழைந்தவர்கள். மோர் கிடையாது என்று தெரிந்ததும் லூப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

முற்பகலில் இடப்பக்கத்திலிருந்து என் அம்மா வந்தாள். கூடவே அரக்குப் பட்டுப் புடவையில் ஓர் அம்மாள். புவனகிரியில் நெல் மண்டி வைத்திருந்த குடும்பம். அவர்களுடைய இரண்டாவது மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். தேர் பார்க்க வந்த இடத்தில் தற்செயலாகப் பெண்ணையும் பார்த்துவிடுவதாக ஏற்பாடு. அது தற்செயல்தான் என்று நான் முகத்தில் காட்ட வேண்டும் என்பதற்காக அம்மா எனக்கு இரண்டு கடிதம் போட்டிருந்தாள்.

அதே நேரத்தில் வலப்பக்கத்திலிருந்து கடற்கரைக் குப்பத்துப் பெண்கள் வந்தார்கள். அம்மன் மீனவர் குலத்தில் பிறந்த தங்கள் வீட்டுப் பெண் என்பதால், தேரன்று அவர்கள் சமூகத்தார் சீர் கொண்டுவருவது வழக்கம். அந்த உரிமையின் பெருமிதத்தோடு, தலை நிறையக் கனகாம்பரமும் கையில் பொரி உருண்டையுமாக வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அஞ்சலை. என்னைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தாள். அவள் பார்வை என் முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

கிட்டே வந்து, என் வெறுங்கழுத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள்.

"எப்ப போனாரு?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது முதல் ஒப்பாரி எழும்பிவிட்டது.

மாதவி யார்?

இதைப் புரியவைக்க நான் ஏழெட்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் கடலூருக்குத் தெற்கே சில கடலோரக் கிராமங்களை எனக்கு ஒதுக்கினார்கள். வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசுவது வேலை. பயிற்சிப் பள்ளியில் எல்லாவற்றையும் புத்தகத் தமிழில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தத் தமிழை இந்தத் தொடரில் நான் போன வாரமே கொஞ்சம் திட்டியாகிவிட்டது.

முதல் நாள் குப்பத்தில், வலை உலர்த்தியிருந்த இடத்தில், பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "உங்களுக்கெல்லாம் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தி எனக்காக வருத்தப்பட்டு, "மாதவியா? அந்தப் பேருல எங்க குப்பத்துல யாரும் இல்லியேம்மா. தெக்க ஒரு குப்பம் இருக்குது, அங்க போயிக் கேட்டுப் பாரு" என்றாள்.

நான் முகம் சிவந்து, கையால் ஜாடை காட்டி, ஒருவழியாக விளக்கினேன். விளங்கியதும் அவர்கள் சிரித்த சிரிப்பில், கரையில் கட்டுமரம் இழுத்துக்கொண்டிருந்த ஆண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "தூரம்னு சொல்லிட்டுப் போவியா, அத வுட்டுட்டு" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து குப்பத்தில் அதற்குப் பெயர் மாதவி. "மாதவி வந்துட்டா நர்ஸம்மா, வயித்து வலி தாங்கல" என்று ஆண்கள் நடுவிலேயே சொல்வார்கள். துறை கொடுத்த சொல்லைவிட அது எனக்கு எவ்வளவோ உபயோகமாக இருந்தது.

அடுத்ததாக அவர்கள்தான் என்னைக் கேள்வி கேட்டார்கள். எத்தனை பிள்ளை? இல்லை. கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்? ஆகவில்லை. அவ்வளவுதான். ஒவ்வொருத்தியாக எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் நின்று, முதலில் நான் ஒருத்தனைக் கட்டிக்கொண்டு பிறகு வந்து சொன்னால் கேட்பதாக அன்போடு சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று முடிச்சு

எங்கள் சுகாதார நிலையத்தில் ஞானம்மா என்று ஒரு மருத்துவச்சி இருந்தார். இருபது வருடமாகப் பிள்ளைப்பேறு பார்த்தவர். நான் அழாத குறையாக நடந்ததைச் சொன்னதும், ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து, மஞ்சள் துண்டு ஒன்றைக் கோத்தார்.

"கழுத்துல ஒரு கயிறு இருந்தா வாயில வர்ற பேச்சுக்கு மதிப்பு ஜாஸ்தி" என்று சொல்லி, என் கழுத்தில் அவரே முடிச்சுப் போட்டார். மூன்று முடிச்சு. அந்தக் கணக்கில் பார்த்தால் எனக்கு முதலில் தாலி கட்டியது ஞானம்மாதான்.

பஸ்ஸை விட்டு இறங்கிக் குப்பத்துக்கு நடக்கும் வழியில் சவுக்குத் தோப்பு உண்டு. போகும்போது தோப்பில் கயிற்றைத் தலைவழியாகப் போட்டுக்கொள்வேன். திரும்பும்போது கழற்றிக் கைப்பைக்குள் திணிப்பேன். மஞ்சள் கறை மட்டும் வெள்ளை ரவிக்கையை விடவில்லை.

கயிறு இருந்தால் கணவர் எங்கே என்று கேட்பார்களே? அதை நானும் ஞானம்மாவும் யோசிக்க மறந்துவிட்டோம். அஞ்சலை கேட்டபோது வாயில் வந்தது, "மிலிட்டரியில்." எந்த ஊரில்? "காஷ்மீர்."

சொல்லி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, எல்லையில் சண்டை வந்துவிட்டது.

என்னைவிட அவர்களுக்குத்தான் கவலை. அஞ்சலை மீன் விற்றுவிட்டு வரும் வழியில் பஞ்சாயத்து ரேடியோ முன்னால் நின்று செய்தி கேட்பாள். அதில் அவளுக்குப் பாதி புரியாது. மறுநாள் என்னிடம் மீதியைக் கேட்பாள். நான் கவலையாக இருக்க வேண்டும் என்பதே எனக்குப் பல நாள் மறந்துபோகும். ஒருநாள் நான் எதற்கோ சிரித்ததைப் பார்த்து, நான் எல்லாவற்றையும் மனதுக்குள் அடக்கிக்கொண்டு சிரிப்பதாக அவள் மற்றவர்களிடம் சொல்லி மாய்ந்துபோனாளாம்.

காஷ்மீரில் கடல் கிடையாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து வாராவாரம் என் கணவருக்கு அனுப்பச் சொல்லி ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வரும். மறுக்க முடியவில்லை. நானும் ஞானம்மாவும் அதைச் சாப்பிட்டோம். நல்ல கருவாடு.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கயிறு வேலை செய்தது. பெண்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.

பால்சுறா பாடம்

கேட்டார்களே தவிர, புரிந்ததா என்றால் இல்லை. என்னிடம் ஒரு பெரிய படம் இருந்தது. பெண்ணின் கருப்பை, இரண்டு பக்கமும் கை விரித்தது போலக் குழாய்கள், சிவப்பு மையில். அதை விரித்துப் பிடித்து, இது என்ன தெரிகிறதா என்றேன்.

"திருக்கை" என்றார்கள் ஒரே குரலில்.

திருக்கை மீன் என்றால் வால் எங்கே என்று ஒருத்தி கேட்க, அது எந்த வகைத் திருக்கை என்று விவாதம் கிளம்பி, எனக்குப் பேச இடமே கிடைக்காமல் கூட்டம் கலைந்தது.

அஞ்சலை மட்டும் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே போனாள். முப்பத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. நாலு பிள்ளைகள். இடையில் தங்காமல் போனது இரண்டு. கூடை சுமந்து ஊர் ஊராக மீன் விற்பவள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை.

நாலைந்து நாள் கழித்து நான் போனபோது, கையில் கத்தியோடு என்னைக் கூப்பிட்டாள். பலகையில் ஒரு பால்சுறா. சினைச் சுறா. வயிற்றைக் கீறித் திறந்து வைத்திருந்தாள். உள்ளே இரண்டு பை, ஒவ்வொரு பையிலும் விரல் நீளத்தில் குட்டிகள். ஒவ்வொரு குட்டிக்கும் மெல்லிய கொடி.

"ஒன் படத்துல இருந்தது இதானா?"

ஆமாம் என்றேன். நமக்கு மட்டும் ஒரே பை என்றேன். பெண்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். அஞ்சலை கத்தி முனையால் பையின் உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்கதான் குட்டி ஒட்டிக்கினு வளருது. நீ சொல்ற வளையம் இதுக்குள்ளாற குந்திக்கினு இருந்தா குட்டி ஒட்டாது. அவ்ளோதான?"

என்னுடைய மூன்று வகுப்பை அவள் மூன்று வரியில் முடித்துவிட்டாள். அன்று சாயங்காலம் என் பாடப் பொருளைக் குழம்பு வைத்து, புதிதாகப் பிள்ளை பெற்ற ஒருத்திக்குக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு கேள்விகள் நேராக வந்தன. லூப் போட்டுக்கொண்டால் வீட்டுக்காரருக்குக் கரண்ட் அடிக்குமாமே என்று ஒருத்தி கேட்டாள். குப்பத்துக்குத் தெரு விளக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது; எல்லாவற்றிலும் கரண்ட் அடித்துக்கொண்டிருந்த காலம். வெறும் பிளாஸ்டிக் என்று சொல்லி, பையிலிருந்த மாதிரி லூப்பைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொருத்தியாகப் பயந்து பயந்து தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் நீட்டினார்கள்.

அஞ்சலை போட்டுக்கொள்வதாக முடிவு செய்தாள். தேர்த் திருவிழா கழிந்து வரும் திங்கட்கிழமை என்று நாளும் குறித்தோம்.

ஒண்ணும் பண்ணாது

இதில் நான் ஒன்றை மறைத்திருந்தேன்.

எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சார்ட் ஐயா. அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய சார்ட். எந்தக் கிராமத்தில் எத்தனை லூப் என்று சிவப்புப் பென்சிலால் கட்டம் நிரப்புவார். கெட்ட மனிதர் அல்ல. கட்டம் காலியாக இருந்தால் அவருக்கும் மேலே இருப்பவர்கள் அவரை வதைப்பார்கள். லூப் போட்டால் சிலருக்கு உதிரப்போக்கு அதிகமாகும், வலி வரும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சார்ட் ஐயா அதை வெளியே சொல்லக் கூடாது என்றார். கெட்டதைச் சொன்னால் எவள் வருவாள் என்பது அவர் வாதம்.

தொந்தரவு ஏதாவது வருமா என்று பெண்கள் கேட்காத நாளில்லை. "ஒண்ணும் பண்ணாது" என்று நான் சொல்லாத நாளுமில்லை.

கார்த்திகையில், முந்திரிக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் நடந்தே எங்கள் நிலையத்துக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. கூலி வேலை செய்பவள். என் பேச்சைக் கேட்டு லூப் போட்டுக்கொண்டவள். நாற்பது நாளாக விட்டு விட்டு உதிரம். யாரிடமும் சொல்லவில்லை. தான் செத்துப்போகப் போவதாகவே நினைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி தங்கையிடம் சொல்லி வைத்துவிட்டாள். அதன்பிறகுதான், கடைசியாகக் கேட்டுவிடலாம் என்று எங்களிடம் வந்திருக்கிறாள்.

டாக்டரம்மா லூப்பை எடுத்துவிட்டு, ரத்தம் ஊற மாத்திரை கொடுத்தார். அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. போகும்போது என்னைப் பார்த்துக் கோபமே இல்லாமல் சொன்னாள்.

"இப்படி வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பயப்படாம இருந்திருப்பேனேம்மா."

நான் சார்ட் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். ஒரு கேஸை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்றார். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை அஞ்சலை வரப்போகிறாள் என்பது மட்டும் நெஞ்சுக்குள் முள் போலக் குத்திக்கொண்டிருந்தது.

அந்த முள்ளோடுதான் நான் மேலவீதிப் பந்தலில் நின்றிருந்தேன்.

கருவாட்டுக் கணக்கு

ஒப்பாரி நன்றாகப் பற்றிக்கொண்டது. வெள்ளைப் புடவை, வெறுங்கழுத்து, மிலிட்டரி, சண்டை. வேறு என்ன நினைப்பார்கள்? அஞ்சலை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணீர் என் தோளில் சூடாக இறங்கியது. ஒரு பிள்ளைகூட இல்லாமல் போய்விட்டாரே என்று அவள் இழுக்க, மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். மோர் இல்லை என்று போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள்.

அம்மா என்னையும் அஞ்சலையையும் மாறி மாறிப் பார்த்தாள். புவனகிரி அம்மாள் அம்மாவை மட்டும் பார்த்தார்.

நான் மெதுவாக, "அக்கா, அப்படியில்லக்கா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அதையும் அவர்கள் அழுகையில் சேர்த்துக்கொண்டார்கள். கடைசியில் நாற்காலி மேல் ஏறி நின்று, "யாரும் சாகல. எனக்குக் கல்யாணமே ஆகல" என்றேன்.

பந்தலில் சத்தம் அடங்கியது. தூரத்தில் தேர் மேளம் மட்டும்.

"அப்ப மிலிட்டரி?" என்றாள் ஒருத்தி.

"அப்படி யாரும் இல்லக்கா."

"காஷ்மீரு?"

"அதுவும் இல்ல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அந்தக் கருவாடெல்லாம்?"

"நான்தான் சாப்பிட்டேன்."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது ஒவ்வொருத்தியாகத் தொற்றியது. கண்ணீரைத் துடைக்காமலே சிரித்தார்கள். அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து இறங்கிய என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்ட நீ சொன்னதுல வேற எதெல்லாம் பொய்யி?" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். மற்றவர்களும் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

பக்கத்து மேசையருகில் சார்ட் ஐயா நின்றுகொண்டிருந்தார். எதிரே அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கு மாமியாராக வரவேண்டியவர். இவர்கள் மூவரும் இல்லாத இடமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் கேட்டது அஞ்சலை, கேட்ட இடம் அது.

சொல்லிவிட்டேன். லூப் போட்டால் முதல் இரண்டு மூன்று மாதம் உதிரம் அதிகமாகப் போகலாம், சிலருக்கு அடிவயிறும் இடுப்பும் வலிக்கும், சிலருக்குத் தானாகவே நழுவி விழுந்துவிடும் என்றேன். தாங்க முடியாவிட்டால் எடுத்துவிடலாம், நாள் கிழமை பார்க்காமல் உடனே வர வேண்டும், பலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, ஆனால் யாருக்கு வரும் யாருக்கு வராது என்று என்னால் முன்கூட்டியே சொல்ல முடியாது என்றேன். வேறு வழிகளையும் சொன்னேன். உறவுக்கு முன்னால் உள்ளே நுரை மாத்திரை வைத்துக்கொள்ளும் முறை, அதை முழுசாக நம்ப முடியாது என்பது, ஆண்களுக்குச் செய்யும் சின்ன ஆபரேஷன், அதற்குச் சில நாள் ஓய்வு. எதுவும் வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்றேன்.

நான் உதிரம் என்றபோது சார்ட் ஐயா இருமினார். வலி என்றபோது பலமாக இருமினார். எடுத்துவிடலாம் என்றபோது அவர் இருமிய இருமலில், குப்பத்துப் பெண் ஒருத்தி மடியிலிருந்து ஒரு துண்டு சுக்கை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு இருமவில்லை.

பிறகு கேள்விகள். மாதத்துக்கு இரண்டு முறை வந்தால்? பதினாறு வயதாகியும் பெண் பெரியவளாகாவிட்டால்? அந்த நாட்களில் தண்ணீர் குடத்தைத் தொட்டால் நிஜமாகவே புழு வைக்குமா? நாற்பத்தைந்து வயதுக்கு மேல் தாறுமாறாகப் போனால் அது வயதின் கோளாறுதானா? இல்லை, அதை வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். தேர் மேலவீதிக்கு வந்தது. பெண்கள் வெளியே போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.

அஞ்சலை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தை, மாசி, பங்குனி. மூணு மாசம் கடல்ல மீனு. நான் கூடை தூக்கணும். அதுல ஒதிரம் ஜாஸ்தியாப் போனா என் கூடைய யாரு தூக்கறது? திங்கக்கிழம வரல. சித்திரைல போட்டுக்கறேன்."

"அதுவரைக்கும்?" என்றேன்.

"அவுரு படகுல படுத்துக்குவாரு."

இருமல் நின்ற கதை

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. வீட்டுக்குப் போனதும் பேசினாள். நாலு நாள் பேசினாள்.

வாரக் கடைசியில் சார்ட் ஐயாவிடமிருந்து மெமோ வந்தது. பொது இடத்தில் திட்டத்துக்குப் பாதகமாகப் பேசியதற்கு விளக்கம் கேட்டிருந்தார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ராத்தூக்கம் இல்லாமல் யோசித்துக் கடைசியில் ஒரே வரி எழுதினேன்: "அவர்கள் கேட்டார்கள், சொன்னேன்." அந்த மாதம் சார்ட்டில் என் கட்டம் காலி. அடுத்த மாதமும் காலி. ஞானம்மா அந்த மஞ்சள் கயிற்றைத் திருப்பி வாங்கிக்கொண்டார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு உதவும் என்றார். நான் அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டு எச்சரித்தேன்.

சித்திரை பிறந்ததும் அஞ்சலை வந்தாள். கூட நாலு பேர். போட்டுக்கொண்டாள். அடுத்த மாதம் வந்து, நான் சொன்னபடியே உதிரம் அதிகமாக வந்தது என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். புயல் எச்சரிக்கை பலித்ததைப் போல அவள் முகத்தில் ஒரு திருப்தி. மூன்றாம் மாதத்தோடு சரியாகிவிட்டது.

அதற்குள் வேறு ஊர்களில் பெண்கள் பயந்துபோய் லூப்பை எடுக்கச் சொல்லிக் கூட்டமாக வர ஆரம்பித்திருந்தார்கள். என் குப்பத்திலிருந்து அப்படி யாரும் வரவில்லை. சார்ட் ஐயா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மெமோவைப் பற்றியும் பேசவில்லை. ஒருநாள் புதிய பெண்கள் இரண்டு பேரை என்னிடம் அனுப்பி, நான் பேசுகிற விதத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான்.

பொண்ணு ரொம்பப் பேசுது

புவனகிரியிலிருந்து பதில் முன்பே வந்துவிட்டது. பெண் ரொம்பப் பேசுகிறதாம். வேண்டாமாம். அம்மா அழுதாள். நான் அந்தப் பையனைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருந்ததால் எனக்கு அழ ஒன்றுமில்லை.

ஒரு நாள் மத்தியானம், நிலையத்தில் கூட்டம் குறைந்த நேரத்தில், அந்தப் புவனகிரி அம்மாள் வந்து நின்றார். பட்டு இல்லை, சாதாரண நூல் புடவை. பஸ் ஏறி, கடலூரில் இறங்கி, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"அன்னிக்கி சொன்னியே, நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல தாறுமாறாப் போனா வச்சிக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு. எனக்கு எட்டு மாசமா அப்படித்தான் இருக்குது."

கண் இமையை விலக்கிப் பார்த்தேன். வெளுத்திருந்தது. மூன்று மகன்கள், ஒரு கணவர், வீடு நிறைய ஆட்கள். யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நான் பேச வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"எனக்கும் நல்லத மட்டும் சொல்லாத."

அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். பெரும்பாலும் கருப்பையில் கட்டியாக இருக்கும், ஆபரேஷனில் சரியாகிவிடும். வேறு மாதிரியாகவும் இருக்கலாம், டாக்டர் பார்த்தால்தான் தெரியும். இன்னும் தள்ளிப்போடக் கூடாது. (நீங்கள் கவலைப்பட வேண்டாம். கெடுதல் இல்லாத கட்டிதான். ஆபரேஷன் நடந்தது, பிழைத்து நெடுநாள் இருந்தார்.)

அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, பெண் ரொம்பப் பேசுகிறது என்று சொல்லி அனுப்பியது தான்தான் என்றார். எனக்குத் தெரியும் என்றேன்.

"எம் பையன் வாயத் தொறக்கறதே அபூர்வம். ஒன்னக் கட்டியிருந்தா அவன் பேச்சே மறந்துபோயிருப்பான்" என்றார். அதைச் சமாதானமாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எழுந்தவர் போகவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்குமா என்று கேட்டார்.

"வெளியில மூத்த மருமவள உக்கார வச்சிருக்கேன். ஆறு வருசத்துல நாலு பெத்துட்டா. எங்கிட்டச் சொன்ன மாதிரியே அவகிட்டயும் சொல்லு. என்ன வேணுமோ அவளே முடிவு பண்ணட்டும்."

நான் கதவைத் திறந்து வெளியே பார்த்தேன். பூவரச மரத்தடியில் மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எழுந்து நின்றாள். மற்ற இருவரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"நாங்க பக்கத்து வூடு" என்றாள் அவர்களில் ஒருத்தி.